குரு பார்க்கப் போனோம்



போன இதழில் மாவடு பற்றி எழுதியிருந்தேன். பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டு ஏகப்பட்ட பேர் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் அடுத்த இதழில். இந்த முறை அடுப்பங்கரையை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். ஒரு பிரயாணக் கதை சொல்கிறேன். அதுவும் நாங்கள் இரண்டே பேர், இரண்டே நாள் போய் வந்த பிரயாணம்!

எங்கள் எதிர் வீட்டு மாமியும் மாமாவும் பிள்ளையோடு பாரிஸ் போய் மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த அன்றைக்கே போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டினார் மாமி. ஈஃபில் கோபுரம் 330 மீட்டர் உயரமாம். எங்கள் ஏகாம்பரநாதர் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினாலும் எட்டாது! படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே, நாம ரெண்டு பேர் மட்டும் தனியாப் போன ஊரு ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார், யோசித்தார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆலங்காயம் போனோமே!"

"அதுக்கு உங்க அம்மா, ரெண்டு குழந்தைங்க, ஒரு கூடை வெத்தலை எல்லாம் சேர்ந்து வந்துது!"

சிரித்துவிட்டார். "சரி, பாரிஸுக்குப் போக நம்மால ஆகாது. ஆலங்காயம் போலாம். அங்கிருந்து மேலே ஏறினா ஜவ்வாது மலை. காவலூர்ல பெரிய டெலஸ்கோப் இருக்கு. சனிக்கிழமையில ஜனங்களை உள்ளே விடறாங்களாம்."

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். எழுபத்தெட்டு வயது. ஆனால் அவர் சொன்னது என்ன தெரியுமா? "போயிட்டு வாங்களேன். ரெண்டு நாள்ல நான் என்ன ஓடியா போயிடுவேன்?" கல்லூரியில் படிக்கும் சின்னவள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, ஒரே ஒரு பையோடு நாங்கள் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம்.

இங்கே ஒரு புடவைக் கதையும் சொல்ல வேண்டும். இவர் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சரக்கு பார்த்து எடுப்பவர். தறியிலிருந்து வரும் சேலையை வெளிச்சத்தில் விரித்து, இழை விட்டிருக்கிறதா, ஜரிகை சரியா, கரையும் உடலும் சேர்கிறதா என்று பார்த்துத் தேறியது தேறாதது சொல்ல வேண்டும். கண்ணே மூலதனமான வேலை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எனக்கொரு சேலை எடுத்து வந்தார். "உனக்குப் பிடிச்ச எம்.எஸ். நீலம்" என்று சொல்லிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் மயில்கழுத்துப் பச்சை! கடைப் பையன் மாற்றிக் கட்டிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் மனசு நோகக் கூடாதென்று ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டேன். அந்தச் சேலைதான் பிரயாணத்துக்கும் கட்டிக்கொண்டது.

பஸ் வரும்போதெல்லாம் "எந்த ஊரு போட்டிருக்கு, வேலூரா பாரு" என்று என்னையே கேட்டார். பரவாயில்லையே, நம்மிடம் பொறுப்பை விட்டுவிட்டாரே என்று எனக்குப் பெருமை! ஆற்காட்டில் பஸ் நின்றதும் நைசாக இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. "ஒண்ணுதான்" என்றார். பொட்டலத்தைப் பிடுங்கி என் பையில் வைத்தேன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். என் சித்தி மகள் அங்கேதான் இருக்கிறாள். "வாங்க மாமா, வா அக்கா" என்று இலை போட்டுவிட்டாள். சாப்பிட்டுவிட்டு அவள் பிள்ளை ஓட்டிய காரில் காவலூர் புறப்பட்டோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதிதான் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டத்திலும் பரந்து கிடக்கிறது. ஊட்டி மாதிரி பல்லைக் கிட்டும் குளிர் இல்லை; ஆனால் காரின் கண்ணாடியை இறக்கினால் காட்டு வாசனை வருகிறது. காவலூர் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்து விளக்கு வெளிச்சம் எட்டாத இடம். தெற்கே தள்ளி இருப்பதால் வட வானத்து நட்சத்திரங்களோடு தென் வானத்து நட்சத்திரங்களையும் நிறையப் பார்க்கலாம். இதையெல்லாம் கணக்குப் போட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி. 1927-இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர்தான். 1968-இல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் ஒன்றோடு இங்கே வேலை ஆரம்பமானது. 1972-இல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுபிடித்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று!

அங்கே வெள்ளை வெளேரென்று நிற்கும் பெரிய கூண்டுக்குள் இருப்பதுதான் 93 அங்குல டெலஸ்கோப். மீட்டர் கணக்கில் சொன்னால் 2.34. நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. அதற்காகப் பாடுபட்ட பாப்பு, அது முடிவதைப் பார்க்கவில்லை. 1982-இலேயே காலமாகிவிட்டார். 1986 ஜனவரி 6-ஆம் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டெலஸ்கோப்புக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

விளக்கிச் சொன்ன இளைஞரிடம் இவர் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இவ்வளவு பெரிய கண்ணாடி, நாளாக நாளாக மங்கிப் போகாதா?"

"போகும் சார். மேலே பூசியிருக்கிற அலுமினியப் பூச்சு மங்கும். அப்பப்போ கழுவி, பழைய பூச்சை எடுத்துட்டுப் புதுசாப் பூசணும். நாள் தள்ளிப் போட்டா வேலைக்கு ஆகாது."

இவர் ஏனோ ஒன்றும் பேசவில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்ததும் சின்ன டெலஸ்கோப் ஒன்றில் ஜனங்களுக்கு வானத்தைக் காட்டினார்கள். போன் வெளிச்சம் கூடாதாம். இருட்டுக்குக் கண் பழகக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும். ஒரு தடவை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். அடேயப்பா, அத்தனை நட்சத்திரத்தை நான் என் பாட்டி வீட்டு முற்றத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை! "அதோ பாருங்க, திருவாதிரை எப்படிச் சிவந்திருக்கு" என்று கை காட்டினேன். "ஆமா, அழகா இருக்கு" என்றார் இவர், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வரிசையில் நிற்கும்போது அந்த இளைஞர் கதை சொன்னார். இன்றைக்குக் காட்டப் போவது வியாழன். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் குரு. அதற்கு எத்தனையோ நிலாக்கள் உண்டு. சின்ன டெலஸ்கோப்பில் தெரியக்கூடியவை நான்கு பெரிய நிலாக்கள். 1610-இல் கலிலியோ பார்த்தது அவற்றைத்தான். அவற்றில் அயோ என்ற நிலா குருவின் நிழலில் மறைந்து வெளிவரும் நேரத்தைப் பாரிஸ் வானாய்வகத்தில் குறித்துக்கொண்டே வந்தார்கள். குரு நமக்குத் தூரமாக இருக்கும் மாதங்களில் அது தாமதமாகத் தெரிந்தது. ரோமர் என்ற விஞ்ஞானி 1676-இல் அதற்குக் காரணம் சொன்னார்: வெளிச்சம் வந்து சேரவும் நேரம் ஆகிறது! பாரிஸ் என்று காதில் விழுந்ததும் இவர் என்னை முழங்கையால் இடித்தார். "பாத்தியா, பாரிஸ்காரங்க பார்த்ததையே நாம காவலூர்ல பார்க்கப் போறோம்."

எனக்கு முன்னால் இவர் போய்க் கண்ணை வைத்தார்.

"என்ன சார் தெரியுது?"

"குரு தெரியறார். பக்கத்துல நாலு நிலா. அருமை!"

"நாலா சார்?" என்று அந்தப் பிள்ளை தயங்கியது. பிறகு, "அம்மா, நீங்க வாங்க" என்றது.

நான் பார்த்தேன். சின்ன மோதிரக் கல் மாதிரி ஒரு வட்டம். குறுக்கே இரண்டு மெல்லிய கோடு. இந்தப் பக்கம் இரண்டு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. கோலத்துக்கு வைத்த மாதிரி ஒரே நேர்க்கோட்டில். இரண்டும் ஒன்றும் மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றேதான்.

"கரெக்ட் அம்மா. அயோ இப்போ குருவுக்குப் பின்னாடி போயிருக்கு. இன்னிக்கு இந்த நேரத்துல மூணுதான் தெரியும்" என்றார் இளைஞர்.

வெளியே வந்து, "உங்களுக்கு மட்டும் நாலாவது நிலா தனியா வந்து காட்சி குடுத்துச்சாக்கும்!" என்று கேலி செய்தேன். இவர் சிரிக்கவில்லை. கார் நின்ற இடத்துக்கு இருட்டில் நடந்தோம். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சகோதரிகளே, இருபத்தைந்து வருஷத்தில் தெருவில் இவர் என் கையைப் பிடித்ததே கிடையாது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பத்து அடி போயிருப்போம். அது அந்த மாதிரிப் பிடி இல்லை என்று புரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் பாதத்தை முன்னால் நீட்டித் தடவிப் பார்த்துத்தான் வைத்தார்.

அப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ஊர்ப் பெயர். ராத்திரியில் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டது. பெட்ரோல் விலை என்றார், நம்பினேன். பேப்பரை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் படிப்பது. காபி தம்ளருக்கு வெளியே சிந்துவது. "என்ன கவனமோ" என்று நானே கடிந்திருக்கிறேன். அப்புறம், நீலம் என்று கொடுத்த பச்சைச் சேலை.

தங்கை வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். "எத்தனை நாளா?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "ஒரு வருஷம் இருக்கும். ரெண்டு விளக்கு மாதிரி கலங்கலாத் தெரிஞ்சுது. நாலு நிலான்னு அவர் சொன்னதைக் கேட்டிருந்தேன், அதையே சொல்லிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"கண்ணு தெரியலைன்னா என் வேலை என்ன ஆகும்? சின்னவ படிப்பு முடியலை. உனக்குச் சொன்னா நீ தூங்க மாட்டே. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாம்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. தினமும் மூன்று வேளை எதிரே நின்று பரிமாறுகிறேன். அவர் தட்டைப் பார்த்தேனே தவிர அவரைப் பார்த்தேனா? வீட்டில் இருக்கும்வரை ஒருவரை ஒருவர் பார்க்க நமக்கு நேரம் ஏது? இரண்டு பேரும் வேலை இல்லாமல் வேற்றூரில் நின்றபோதுதான் எனக்கே கண் தெரிந்தது. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். எங்களுக்கு அந்த ஒன்று போதும்.

மறுநாள் திரும்பிவிடலாம் என்றேன். "வந்தது வந்தோம், மலையைப் பார்த்துட்டே போலாம். நீ பார்த்துச் சொல்லு, நான் கேட்கறேன்" என்றார். அப்படியே ஜமுனாமரத்தூர் போனோம். கோலப்பன் ஏரியில் படகில் உட்கார்ந்தோம். பீமன் அருவியில் தை மாதமானதால் தண்ணீர் குறைவு. "பாறை கறுப்பு, தண்ணி வெள்ளை ரிப்பன் மாதிரி ரெண்டா விழுது" என்று நான் சொல்ல, அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். இருபத்தைந்து வருஷத்தில் நான் இத்தனை பேசியதும் இல்லை, அவர் இத்தனை கேட்டதும் இல்லை!

வழியில் ஒரு மலைவாசி அம்மாவிடம் சாமை வாங்கினோம். அங்கே மலையாளி என்ற பழங்குடி மக்கள் அதிகம். மலையை ஆள்பவர்கள் என்ற அர்த்தத்தில், பேசுவது தமிழ்தான். "எந்த ஊரு?" என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பாட்டன் பூட்டனும் காஞ்சியில இருந்து வந்தவங்கதான்!" என்றார். அவர்களுக்குள் வழிவழியாக அப்படி ஒரு வரலாறு சொல்வது உண்டு. ஊர்க்காரி என்று ஒரு படி சாமையை அதிகமாகவே அளந்து போட்டார்.

ஊர் திரும்பிய மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து உள்ளே பார்த்தார்கள். வலது கண்ணில் கண்புரை. அது ஆபரேஷனில் சரியாகும். இடது கண்ணில்தான் விஷயம். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் குழாய் கசிந்து நீர் கோத்திருந்தது. "இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். போனதை முழுசாத் திருப்பித் தர முடியாதும்மா. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கு இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கடை முதலாளியிடம் நானே கூடப் போய் நின்றேன். "இதை முன்னமே சொல்றதுக்கென்ன?" என்று கடிந்துகொண்டு, குணமாகும்வரை கணக்குப் பார்க்கச் சொல்லி உட்கார வைத்தார். இவர் ஒரு வருஷம் பயந்தது அதற்குத்தான்!

இனி, டாக்டரிடம் கேட்டும் பட்டும் தெரிந்துகொண்டவை:

சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் பதில் ஆகாது.

கண்புரை "முத்தட்டும்" என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அப்போதே டாக்டரைக் கேட்டு எடுத்துவிடலாம்.

கண்ணில் சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை கலங்கும், வெளிச்சம் கூசும். துணைக்கு ஒருவர் போங்கள். வண்டி ஓட்ட விடாதீர்கள்.

சாமை நல்லதுதான். ஆனால் சாமை சாப்பிட்டால் சர்க்கரையே போய்விடும் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் தானியந்தான், அளவு உண்டு.

மலைக்குப் போகும்போது மாத்திரை, பிஸ்கட், தண்ணீர் கைப்பையில் இருக்கட்டும்; வேளை தவறிச் சாப்பிட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் அருவிப் பாறையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வளைவுப் பாதையில் வயிற்றைப் பிரட்டும் என்பவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், முன் ஸீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதிச் சிரமம் இல்லை. காவலூர் போகிறவர்கள் அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். மேகம் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாது.

முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்து, இடது கண்ணுக்கு லேசர் வைத்தியம் செய்து, பிறகு பங்குனியில் வலது கண் ஆபரேஷன் ஆயிற்று. கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். நான் எதிரே நின்றேன். வேண்டுமென்றே அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏம்மா... இது பச்சையாச்சே?"

"ஆமாம்."

"நான் நீலம்னு சொல்லியில்ல கொடுத்தேன்! நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்றேன்.

நர்ஸ் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாற்றித் தருகிறேன் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கொடுப்பதாக இல்லை. வருகிற தையில் மறுபடி காவலூர் போகப் போகிறோம். வரிசையில் இந்தத் தடவை நான்தான் முன்னால் நிற்பேன். எத்தனை நிலா என்று சொல்ல மாட்டேன்.